வசந்தாமணி போட்ட படம்

நஞ்சுண்டன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிராந்திக் கடைக்குள் நுழைந்தது ரெண்டாயிரமாவது வருசம், தை மாசக் குளிரில். நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து வடக்கே போகிற பெரிய ரோட்டோரம் இருந்த கடை அது. வெளியே காரில் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். வாங்கி வரச் சொன்னவளே அவள்தான்.

கல்லாவில் இருந்தவர் ஒரு படேல். நம்ம நாட்டு முகத்தைக் கண்டதும் சிரித்துக்கொண்டு, "பார்ட்டியா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இல்லைங்க. பெயிண்டிங்குக்கு."

"பெயிண்டுக்குன்னா தின்னர் வாங்குங்க. ஹார்ட்வேர் கடையில இருக்கும்."

"வோட்காதாங்க வேணும். இருக்கறதுலயே சின்ன பாட்டில். மட்டமானதா இருந்தாலும் சரி."

படேல் பாட்டிலைக் காகிதப் பையில் சுற்றிக்கொண்டே, "குடிக்கறதுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. இது எனக்குப் புதுசு" என்றார்.

நஞ்சுண்டன் பையை ஜாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து காரில் ஏறினான்.

"கெடச்சுதுங்ளா?" என்றாள் வசந்தாமணி. மடியில் பலகை, பலகைமேல் ஒட்டின காகிதம், அதற்குமேல் ஒரு துண்டு.

"கெடச்சுது. அந்தாளு என்னைய ஒரு மாதிரி பாக்கறான். எங்கய்யனுக்கு மட்டும் இது தெரிஞ்சுதுன்னு வையி, கொடுமுடி ஆத்துல எனக்குத் தலை முழுகிருவாரு."

"குடிக்கவா வாங்குனீங்க? தண்ணில ரெண்டு மூடி ஊத்தறதுக்குத்தானுங்? உங்கய்யன் கேட்டா நான் சொல்லிக்கறேன். வண்டியக் கெளப்புங்க, வெளிச்சம் போயிரும்."

அவள் சொன்னது நிஜந்தான். அந்தக் குளிரில் திறந்தவெளியில் உட்கார்ந்து படம் போட்டால் பிரஷ் கழுவுகிற தண்ணீர் உறைந்துபோகிறது. காகிதத்தில் பூசின வண்ணம் காயாமல், சன்னல் கண்ணாடியில் பனி படர்கிற மாதிரி பூப்பூவாக உறைந்து நிற்கிறது. முந்தின நாள் போட்டதெல்லாம் அப்படித்தான் பாழாய்ப் போனது. தண்ணீரில் கொஞ்சம் வோட்கா கலந்தால் உறையாது என்று சொன்னது சர்ச்சில் தோட்டவேலை பார்க்கிற ஹெலன் அம்மாள்.

சர்ச் இருந்தது பக்கத்துச் சின்ன ஊரில். செம்மண்ணும் வெல்லமும் கலந்த நிறத்தில் கல் கட்டடம். நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் கட்டினது என்று வாசல் கல்லில் வெட்டியிருந்தது. ஒடிசலான கோபுரம், வளைந்த சிவப்புக் கதவு, ஓரமாய்க் கொஞ்சம் பழைய சமாதிகள். அந்த ஊரில் இதைப்போல இன்னும் ரெண்டு சர்ச் இருந்தது. ஆனால் இதன் கேட் மாதிரி வேறெங்கும் இல்லை. ஆளுயரத்துக்கும் மேலே ரெண்டு இரும்புக் கதவு. கீழ்ப்பாதியில் கோதுமைக் கதிர்கள் வரிசையாக நிற்கும். மேல்பாதி முழுக்கத் திராட்சைக் கொடி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, சுருண்டு, மறுபடி வெளியே வந்து, குலை குலையாய்க் காய்த்திருக்கும். ரெண்டு கதவும் சேருகிற இடத்தில் ரெண்டு குருவிகள் மூக்கோடு மூக்கு வைத்தாற்போல. உச்சியில் ஈட்டி முனைகள். எந்தக் காலத்திலோ ஒரு ஜெர்மன்காரக் கொல்லன் அடித்துக் கொடுத்தானாம்.

வசந்தாமணி அதை முதலில் பார்த்தது ஐப்பசி மாசத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்து இலையெல்லாம் சிவப்பாய் நிற்பதைப் பார்க்கப் போனபோது. எல்லாரும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பொண்ணு தென்றல் இழுத்தும் நகரவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகக் கரூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள் வசந்தாமணி. மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு, சமையல்கட்டுத் துண்டு எல்லாவற்றுக்கும் கொடியும் பூவும் கட்டம்போட்ட தாளில் வரைந்து தருவாள். கொடி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே திரும்பி வந்து சேருகிறது என்பது அவள் விரலுக்குத் தெரியும். நஞ்சுண்டனுக்கு நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டு வந்தாள். அவளுக்குக் கிடைத்த விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. சமைத்தாள், துவைத்தாள், பிள்ளையை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டாள். மிச்ச நேரம் அபார்ட்மெண்டின் பின்பக்கச் சன்னலில் பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லைப்ரரியில் இலவசமாக வாட்டர் கலர் வகுப்பு நடத்துகிறார்கள் என்று தெரிந்து சேர்ந்தது அந்த வருசம்தான். வகுப்பு முடிகிற சமயத்தில், பிப்ரவரியில் ஊர்க்காரர்கள் படத்தையெல்லாம் லைப்ரரியில் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். என்ன போடுவது என்பதில் வசந்தாமணிக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சனி ஞாயிறு மட்டும் போய் உட்கார்ந்தால் ஆகிற காரியமாக அது இல்லை. ஒரு சனிக்கிழமை மழை. ஒரு ஞாயிறு கல்யாணக் கூட்டம். வீட்டிலிருந்த ஒரே காரை நஞ்சுண்டன் தினமும் ரயில் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். மூன்று படம் பாதியில் கெட்டது.

"போட்டோ எடுத்துக் குடுக்கறேன், ஊட்ல சூடா உக்காந்துட்டுப் போடேன்" என்றான் நஞ்சுண்டன்.

"போட்டோல எல்லாமே ஒரே கறுப்பாத் தெரியுதுங்க. எந்தக் கொடி முன்னால போவுது, எது பின்னால போவுதுன்னு சொல்ல மாட்டேங்குது. நேர்ல பாத்தாத்தான் பின்னல் புடிபடுது."

"அப்ப வண்டிக்குள்ள உக்காந்து போடு."

"கண்ணாடில ஆவி புடிச்சுக்குது. அதுவுமில்லாம கேட்டுக்கு நேரா தீயணைக்கறதுக்குத் தண்ணிக் கொழாய் நிக்குது, அங்க வண்டி நிறுத்துனா போலீஸ்காரன் அபராதம் போட்டுருவான்."

இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் நஞ்சுண்டனுக்கு வேலை போனது.

அது போன விதம் வேடிக்கை. வருசம் ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப்போய் உலகமே நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்த காலம். நஞ்சுண்டன் ரெண்டு வருசமாக ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பழைய புரோகிராம்களைத் தோண்டித் துருவி, தேதி வருகிற இடமெல்லாம் திருத்திக்கொண்டிருந்தான். வருசப் பிறப்பு வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு கணக்கும் தப்பவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக் கேக் வெட்டினார்கள், கைதட்டினார்கள், அடுத்த வாரம் காண்ட்ராக்ட் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"நாம வேலைய ஒழுங்காச் செஞ்சதுக்குக் கெடச்ச பரிசப் பாத்தியா?" என்றான் வீட்டுக்கு வந்து.

வசந்தாமணி அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, மேலே நெய் ஊற்றி, சுட்ட அப்பளத்தோடு முன்னால் வைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டாள்.

"ஏனுங், நாளைக்கு வண்டி சும்மாத்தான நிக்கும்?"

அப்படி ஆரம்பித்தது. நஞ்சுண்டனுக்கு வேலை கொடுத்து அமெரிக்காவுக்குக் கூட்டி வந்தது வெங்கடகிருஷ்ணன் என்பவர் நடத்துகிற கன்சல்டிங் கம்பெனி. அடுத்த ப்ராஜெக்ட் அவர்தான் பிடித்துத் தரவேண்டும். ஊரெல்லாம் இதே மாதிரி வேலை முடிந்து நிற்கிற ஆட்கள். ப்ராஜெக்ட் இல்லாமல் ரொம்ப நாள் உட்கார்ந்தால் விசா ஆட்டம் காணும், மூட்டை கட்டவேண்டியதுதான். காலையில் அவருக்கு ஒரு போன் போட்டு, "எதாச்சும் இருக்குங்ளா சார்?" என்று கேட்டுவிட்டால் நஞ்சுண்டனுக்கு அன்றைய சோலி முடிந்தது. தென்றல் ஸ்கூலுக்குக் கிளம்பியதும் மடக்கு நாற்காலி, பலகை, பிளாஸ்க், தூக்குப்போசி, ஒரு கம்பளி, பனி வாருகிற ஷவல் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போனார்கள்.

எதிர்ப்பக்க நடைபாதையில் பனியை வாரித் தள்ளி அவளுக்கு இடம் செய்து கொடுப்பது அவன் வேலை. காற்று வந்தால் பலகையைப் பிடித்துக்கொள்வான். கை விறைத்தால் பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றித் தருவான். விரல் நுனி வெட்டின கையுறைக்குள் அவள் விரல் சிவந்து போயிருக்கும். ஒரு வார்த்தை முனகமாட்டாள்.

சும்மா நிற்க முடியாமல் ஒருநாள் நஞ்சுண்டன் ரோட்டைத் தாண்டிப் போய் சர்ச் கேட்டுக்கு அடியில் குவிந்து கிடந்த பனியை வார ஆரம்பித்தான். நாலு ஷவல் வாரியிருப்பான்.

"ஐயையோ! என்ன பண்றீங்க அங்க?" என்று எதிரிலிருந்து கத்தினாள் வசந்தாமணி.

"பாதையச் சுத்தம் பண்றேன். பாவம், அந்தக் கெழவி ஒத்தையில வாருது."

"அந்தப் பனியத்தானுங்க நான் போட்டுட்டிருக்கறேன்! நீங்க எடுத்துப்போட்டா நான் எதைப் பாத்துப் போடறது?"

நஞ்சுண்டன் திகைத்துப்போய் நின்றான். பிறகு எடுத்த பனியை ஷவலில் அள்ளி மறுபடி அதே இடத்தில் கொட்டினான். தட்டிப் பார்த்தான். பூப்போலப் படிந்திருந்தது போய், தோட்டத்தில் எருக்குப்பை கொட்டின மாதிரி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம் அள்ளி மேலே தூவினான். இன்னும் மோசமானது.

கோபமாக ரோட்டைத் தாண்டி வந்த வசந்தாமணி அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தெருவில் போன ஒருத்தன் திரும்பிப் பார்த்தான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் இப்படிச் சிரித்ததே இல்லை என்பது அப்போதுதான் நஞ்சுண்டனுக்கு உறைத்தது.

"சரி உடுங்க. எனக்கு ஞாபகத்துல இருக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் ஷவலை ஓரமாய் வைத்துவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கப் பழகினான்.

"பனிக்கு வெள்ளை எங்க வெச்சிருக்கற?"

"வெள்ளை பூசறதில்லீங்க. பேப்பர அப்படியே உட்டுரோணும். சுத்தி மத்ததைப் போட்டா அது தானாத் தெரியும்."

"கம்பிக்குக் கறுப்பு?"

"கறுப்பு டியூப்பும் தொடறதில்ல. அதைப் பூசுனா செத்த மாதிரி கெடக்கும். இந்தக் காவியையும் நீலத்தையும் கலக்கறேன் பாருங்க. வெயில் படற பக்கம் காவி எச்சு, நெழல்ல நீலம் எச்சு."

அவன் பார்த்தான். கண்ணெதிரே ஈரக் காகிதத்தில் காவியும் நீலமும் ஒன்றையொன்று தேடிப் போய்க் கலந்து, இரும்பாக இறுகி நின்றன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிஜக் கேட்டைப் பார்த்தான். அட, கறுப்பே இல்லை. ஒரு குலை நீலமாக இருந்தது. கதிர்களின் முனை துருவேறிச் செவசெவ என்றிருந்தது. இத்தனை நாள் கண்ணை எங்கே வைத்திருந்தோம் என்று இருந்தது அவனுக்கு.

ஹெலன் அம்மாள் தினமும் வருவாள். எழுபது வயசிருக்கும், ஆம்பிளைச் சட்டையும் ரப்பர் பூட்சும் போட்டிருப்பாள். படத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சர்ச்சுக்குள் போய்விடுவாள். ஒருநாள் ரெண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்தாள். வசந்தாமணி தூக்குப்போசியைத் திறந்து அரிசிம்பருப்பை அவளுக்கும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். ஸ்பூனால் வழித்துத் தின்றுவிட்டு ஹெலன் அம்மாள், "நாற்பது வருசமா இந்தக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். என்னைத் தவிர இதை இவ்வளவு நேரம் பார்த்த ஆள் நீதான்" என்றாள். வசந்தாமணி அதைத் தமிழில் ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மறுபடி சொன்னாள்.

படம் மாசக் கடைசியில் முடிந்தது. லைப்ரரியில் எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் திறப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை பொழுதோட, நஞ்சுண்டன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. வெங்கடகிருஷ்ணன்.

"நஞ்சுண்டன், குட் நியூஸ்யா. ஹூஸ்டன்ல ஒரு ஆயில் கம்பெனி. உன் ரெஸ்யூம் பாத்துட்டு ரொம்ப இம்ப்ரெஸ் ஆயிட்டான். ஃப்ரைடே நேர்ல வந்து பாக்கச் சொல்றான், அப்டியே மண்டே ஜாயின் பண்ணிடலாம். நாளைக்கு ஈவ்னிங் ஃப்ளைட் புக் பண்றேன். ஃபேமிலிய அப்புறமா ஷிப்ட் பண்ணிக்கோ."

"நெம்ப சந்தோசங்க சார்" என்றான் நஞ்சுண்டன். கத்தியைக் கீழே வைத்தான். "சார், வெள்ளிக்கெழம போயிட்டு அன்னிக்கே திரும்பி வந்தர முடியுங்ளா?"

"எதுக்கு? வீக்கெண்ட் அங்கயே இருந்து அபார்ட்மெண்ட் பாரு. டீம் லீடும் சாட்டர்டே லஞ்சுக்கு மீட் பண்றேன்னு சொல்லியிருக்கான்."

"சனிக்கெழம இங்க ஒரு சோலி இருக்குதுங்க."

"என்ன சோலி? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க. என்ற சம்சாரம் படம் போட்டிருக்கறாங்க. லைப்ரரில மாட்டறாங்க."



"என்னய்யா, ஜோக் பண்றியா? ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல உக்காந்திருக்க. உன்ன மாதிரி பதினஞ்சு பேர் என் ஆபீஸ் வாசல்ல நிக்கறான். அவங்க படம் மாட்டினா மாட்டிட்டுப் போறாங்க, நீ எதுக்கு? ஆணி அடிக்கறதுக்கா?"

வெங்கடகிருஷ்ணன் சொன்ன எதற்கும் நஞ்சுண்டன் இதுவரை மாட்டேன் என்று சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு வேலைக்குப் போகச் சொன்னபோதும் போனான். இப்போதும் சரிங்க என்று சொல்லத்தான் வாய் திறந்தான். ஆனால் அந்த ஆணி அடிக்கிற பேச்சு குறுக்கே வந்து நின்றது. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

இங்கே வந்த புதிதில் ஒரு மாலுக்குப் போயிருந்தார்கள். துணிக்கடையில் ஒரு மேசை விரிப்பைப் பார்த்ததும் வசந்தாமணி அப்படியே நின்றுவிட்டாள். ஓரம் முழுக்க மாதுளம்பூக் கொடி. கரூரில் அவள் போட்ட டிசைன். "ஏனுங், இது என்றதுங்க. இந்த மொட்டைத் திருப்பிப் போட்டது நான்தானுங்க" என்று விரிப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்ணிடம் தெரிந்த இங்கிலீஷில், "ஐ டிரா திஸ்" என்றாள். அந்தப் பெண் உதட்டால் சிரித்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டாள். நஞ்சுண்டன்தான், "கம்முனு வா. பைத்தியம்னு நெனச்சுக்குவாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அவள் போட்ட பூ கடல் தாண்டி வந்து அத்தனை பெரிய கடையில் தொங்கியது. அவள் பேர் அதில் எங்கேயும் இல்லை. அவனாவது நின்று, ஆமாம், இது இவள் வரைந்ததுதான் என்று சொல்லியிருக்கலாம்.

"சார்" என்றான் நஞ்சுண்டன். "ஆணி அடிக்கறதுக்கு அங்க ஆளு இருக்குதுங்க. நான் பாக்கறதுக்குப் போறேன். வெள்ளிக்கெழம போயிப் பாத்துட்டு ராத்திரியே திரும்பிர்றேன், திங்கக்கெழம வெடியால மொத ஃப்ளைட்ல மறுபடி போறேன். சனிக்கெழம முடியாதுங்க."

"இந்த ப்ராஜெக்ட் போச்சுன்னா நான் ரெஸ்பான்சிபிள் இல்ல."

"சரிங்க சார்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அடுப்புக்குப் பக்கத்தில் வசந்தாமணி கரண்டியோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்ளா உங்களுக்கு? மறுபடி போன் பண்ணுங்க. வர்றேன்னு சொல்லுங்க. ஹெலன் அம்மா என்னையக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்குது."

"உன்னையக் கூட்டிட்டுப் போகறதுக்கு ஆளில்லைன்னா நிக்கறேன்? எனக்குப் பாக்கோணும்."

"ஊட்லதான் பாத்துட்டே இருந்தீங்களே, போதாதா?"

"செவுத்துல பாக்கோணும். பேரு எழுதி மாட்டியிருக்கறதப் பாக்கோணும். நாலு பேரு வந்து நின்னு பாக்கறத நான் பாக்கோணும்."

"வேலை இல்லீன்னா ஊருக்குத்தானுங்க போவோணும்! தென்றல் படிப்பு?"

"போனாப் போறோம். கரூர்ல பள்ளிக்கூடமே இல்லையா? நீ பேசாம அடுப்பப் பாரு, பருப்பு அடி புடிக்குது."

அவள் அடுப்பை அணைத்தாள். அங்கேயே திரும்பி நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெங்காயம் அரிந்தது அவன், ஆனால் கண்ணைக் கசக்கினது அவள். ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த தென்றல் தலையைத் தூக்கி, "ஆர் வி மூவிங் டு டெக்ஸஸ் ஆர் நாட்?" என்று கேட்டது.

மறுநாள் மத்தியானமே தெரிந்துபோனது. ஹூஸ்டனுக்கு வேறொரு பையனை அனுப்பிவிட்டார்கள். நஞ்சுண்டன் விவரத்தைக் கேட்டுக்கொண்டு, "சரிங்க" என்று மட்டும் சொன்னான். வெள்ளிக்கிழமை முழுக்க, ஊருக்குத் திரும்ப மூன்று டிக்கெட்டுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் இண்டர்வியூவுக்கென்று எடுத்து வைத்திருந்த கோட்டையும் சூட்டையும் அயர்ன் பண்ணி, டை கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"வேலைக்கா போறீங்க?" என்றாள் வசந்தாமணி. அவளும் அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். அதற்குமேல் முழங்கால்வரை குளிர்க்கோட்டு.

"அதுக்கும் மேல" என்றான்.

லைப்ரரியில் முப்பது நாற்பது படம் இருந்தது. பூனை, படகு, பழத்தட்டு. அவளுடையது உள்ளே நுழைந்ததும் இடது பக்கச் சுவரில். பின்னால் கல் சர்ச் பனி மூட்டத்தில் கொஞ்சம் கலங்கினாற்போல நின்றது. கோபுர உச்சி வானத்தோடு கரைந்து போயிருந்தது. முன்னால் அந்தக் கேட். ஒவ்வொரு கொடியும் எங்கே நுழைந்து எங்கே வருகிறது என்று விரல் வைத்துச் சொல்லலாம். காலடியில் பனி, வெறும் காகிதம், ஆனால் கை வைத்தால் சில்லிடும்போல இருந்தது. கீழே சின்ன அட்டையில் ‘வசந்தாமணி’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஓர் எழுத்தும் தப்பில்லை.

நஞ்சுண்டன் அதை ரெண்டு தடவை படித்தான். பிறகு படத்துக்குப் பக்கத்தில், கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டான். வருகிறவர்களிடமெல்லாம், "மை வைஃப்" என்று படத்தைக் காட்டினான். தூரத்தில் நின்ற அவளையும் காட்டினான்.

"அப்பா, ஸ்டாப் டெல்லிங் எவ்ரிபடி" என்று தென்றல் கோட்டைப் பிடித்து இழுத்தது.

"நீ கம்முனு இரு கண்ணு. சொன்னாத்தான தெரியும்?"

ஹெலன் அம்மாள் சர்ச்சில் பாடுகிறவர்கள் ஒரு பத்துப் பேரை வேனில் கூட்டி வந்துவிட்டாள். அத்தனை பேரும் படத்துக்கு முன்னால் கூடிக்கொண்டார்கள். அதில் கைத்தடி ஊன்றின ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மேலே ஈட்டி முனைகளைப் பார்த்தார். திடீரென்று, "ஓ, மை!" என்றார். இடப்பக்கம் மூன்றாவது ஈட்டி கொஞ்சம் வளைந்திருக்கும். வசந்தாமணி அதை வளைந்த மாதிரியே போட்டிருந்தாள். "நான் வளைத்தது! பத்து வயசில் ஏறிக் குதித்தபோது!" என்று பெரியவர் தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள், "இத்தனை வருசம் என்கிட்ட மறைச்சிருக்கீங்க" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஆளாளுக்கு விரல் நீட்டி, இது இங்கே, அது அங்கே என்று தேட ஆரம்பித்தார்கள்.

கழுத்தில் ஸ்கார்ப் சுற்றின ஓர் அம்மணி வசந்தாமணியிடம் வந்து, "கேட்டை மூடியே வரைந்திருக்கிறீர்களே, வெளியூரிலிருந்து வந்தவரின் மனநிலையைச் சொல்லும் குறியீடா?" என்று கேட்டாள்.

வசந்தாமணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் இங்கிலீஷில், பயப்படாமல், நிதானமாகச் சொன்னாள். "இல்லை. பனி நிறைய. திறக்க முடியவில்லை. அதனால் மூடியிருந்தது."

ஹெலன் அம்மாள் வாய்விட்டுச் சிரித்து, "அதுதான் உண்மை. என் முதுகைக் கேளுங்கள்" என்றாள்.

கடைசியில் முதல் பரிசு ரிப்பனைக் கொண்டு போய் ஒரு கலங்கரை விளக்கம் படத்தில் ஒட்டினார்கள். எண்ணெய் வண்ணத்தில் பளபளவென்று இருந்தது.

நஞ்சுண்டனுக்குப் பொறுக்கவில்லை. "அதுல என்ன இருக்குது? ஒரு குழாயை நட்டுவெச்ச மாதிரி நிக்குது. ஒரு குருவி உண்டா, ஒரு கொடி உண்டா?"

"கம்முனு வாங்க" என்றாள் வசந்தாமணி. "அந்தத் தண்ணியப் பாருங்க, எவ்வளவு நல்லாப் போட்டிருக்கறாங்கன்னு." அவள் முகத்தில் ரிப்பனைப் பற்றின வெசனமே இல்லை.

சர்ச்சுக்காரர்கள் அந்தப் படத்தைத் தங்கள் ஹாலில் மாட்டக் கேட்டார்கள். நஞ்சுண்டன், கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தான். வசந்தாமணி தலையை ஆட்டி, "இது என்ற ஊட்டுக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். அப்புறம் இங்கிலீஷில், "உங்களுக்கு வேற போட்டுத் தர்றேன். பூப் பூக்கற காலத்துல" என்றாள்.

சொன்னபடியே போட்டும் கொடுத்தாள். அதற்கு நேரமும் இருந்தது. வெங்கடகிருஷ்ணன் முகம் கொடுத்துப் பேசவே ரொம்ப நாளானது. குளிர்காலம் முழுக்க நஞ்சுண்டன் வீட்டில் இருந்தான். மூட்டை கட்டுகிற பேச்சு ரெண்டு தடவை வந்து, பெட்டிகளைக்கூட இறக்கி வைத்தார்கள். சர்ச் வாசலில் வெள்ளைப் பூ பூத்தபோது அவள் மடக்கு நாற்காலியோடு மறுபடி போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை வோட்கா வேண்டியிருக்கவில்லை. அந்தப் படத்தை ஹெலன் அம்மாள் தன் கையாலேயே ஹாலில் மாட்டினாள். அதற்குப் பிறகுதான் வேலை வந்தது. அதுவும் அதே ஹூஸ்டனில், வேறொரு கம்பெனியில். வெங்கடகிருஷ்ணன் போனில், "இந்தத் தடவ படம் கிடம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "இப்போதைக்கு இல்லைங்க சார். இருந்தா முன்கூட்டியே சொல்லிப்போடறேன்" என்றான் நஞ்சுண்டன்.

ஹூஸ்டனில் ஹில்க்ராஃப்ட் தெருவுக்குப் பக்கமாக அபார்ட்மெண்ட் பார்த்துக் குடிபோனார்கள். சாமி படம் மாட்டுவதற்கு முன்னால் நஞ்சுண்டன் ஹால் சுவரில் ஆணி அடித்து அந்தப் பனிக்காலப் படத்தைத்தான் மாட்டினான். நேராக இருக்கிறதா என்று வாசலுக்கும் சுவருக்கும் நாலு நடை நடந்தான். முதல் வாரத்திலேயே எதிர்வீட்டு ஷ்யாமளா, சுண்டல் கிண்ணத்தோடு பழக வந்தாள். மயிலாப்பூர்க்காரி. உட்கார்ந்ததும் கண் சுவருக்குப் போனது.

"நீங்க கிறிஸ்டியன்ஸா ஆன்ட்டி? நெத்தியில விபூதி இருக்கேன்னு பாத்தேன்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

வசந்தாமணி காப்பி கலக்க உள்ளே போயிருந்தாள். நஞ்சுண்டன் எழுந்துவிட்டான்.

"இல்லைங்க. அது என்ற சம்சாரம் போட்டதுங்க. எந்திரிச்சு வாங்க, அங்கிருந்து பாத்தாத் தெரியாது. இந்தக் கொடி எதுக்குள்ள போயி எங்க வருதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

ஷ்யாமளா எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு போனாள், தவறவிட்டாள், மறுபடி முதலிலிருந்து பிடித்தாள்.

"ஏனுங், காப்பி ஆறுது" என்றாள் வசந்தாமணி, டம்ளர்களோடு வந்து நின்று.

"ஆறட்டும்" என்றான் நஞ்சுண்டன். "அவிய இன்னும் குருவியவே பாக்கல."